காட்டில் காணாமல் போனவரை ட்ரோனில் தேட: சில கணக்குகள்

தரையில் கிடக்கும் ஒருவர் தெர்மல் படத்தில், அதாவது வெப்பத்தைப் பதியும் கேமராவின் படத்தில், எத்தனை பிக்சல் வருவார்? ட்ரோனைக் கிளப்பும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான். டிஜேஐ மேவிக் 3T ட்ரோனின் தெர்மல் கேமரா 640×512 பிக்சல். 60 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சலுக்குத் தரையில் சுமார் 8 செ.மீ. படுத்திருப்பவர் நீளத்தில் 20 பிக்சல், குறுக்கில் 5 பிக்சல். 120 மீட்டருக்கு ஏற்றினால் அது 10-க்கு 2 என்றாகிவிடும். ஆளா ஆடா என்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் முடிக்கலாம் என்று உயரத்தைக் கூட்டுவதுதான் களத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு.

60 மீட்டரில் ஒரு தெர்மல் படத்தின் அகலம் ஏறக்குறைய 50 மீட்டர். ட்ரோன் போய்த் திரும்பும் பாதையில் வரிக்கு வரி 35 மீட்டர் விட்டு, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் நிமிடத்துக்கு ஒரு ஹெக்டேர். பேட்டரி 45 நிமிடம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். காற்றுக்கும் பத்திரமாகத் திரும்பி வருவதற்கும் ஒதுக்கியது போக 25 நிமிடம் கையில் மிஞ்சும். திருப்பங்களையும் கழித்தால் ஒரு பேட்டரிக்கு 20 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கர்.

மலையில் இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது உயர அளவு. ரிமோட்டில் தெரியும் 60 மீட்டர் கிளம்பிய இடத்திலிருந்துதான். மேட்டில் நின்று ஏற்றிப் பள்ளத்தின் மேல் பறந்தால் தரை 150 மீட்டர் கீழே இருக்கும். எதிர்ச்சரிவுக்குப் போனால் மரத்தில் மோதும். நில உயரத் தரவை ஏற்றி, சரிவோடு ஏறி இறங்கும்படி பாதை போட வேண்டும். அந்தத் தரவு வெறும் தரையின் உயரமாக இருந்தால் மர உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

தெர்மலுக்குத் தோதான நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். பொழுது சாய்ந்த கையோடு ஏற்றினால் பகல் சூட்டை விடாத பாறை ஒவ்வொன்றும் ஆள் போல வெள்ளையாகத் தெரியும். உச்சி வெயிலில் தரையே உடம்புச் சூட்டைத் தாண்டிவிடும். கேமரா நேர் கீழே பார்க்கட்டும். வானம் உள்ளே வந்தால் தரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அடர்ந்த இலைக்கும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் இருப்பவரைத் தெர்மல் காட்டாது. அடர்காட்டில் ஓடைக்கரை, பாறைத்திட்டு, மரமில்லாத இடங்கள் ஆகியவற்றை மட்டும் பறந்து பார்த்துவிட்டு, மற்றதை நடந்து தேடுபவர்களுக்கும் மோப்ப நாய்க்கும் விட்டுவிடலாம்.

ஏஐ அதிகம் கைகொடுப்பது பகலில் எடுத்த வண்ணப் படங்களில். படத்தில் ஆளையும் பொருளையும் கண்டுபிடிக்கும் யோலோ வகை ஏஐ மாடல்கள் வழக்கமாகப் படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கும். 4000×3000 படத்தை அப்படியே கொடுத்தால் 40 பிக்சல் இருந்த ஆள் 6 பிக்சலாகிப் போவார். மாடலும் யாருமில்லை என்று கூசாமல் சொல்லும். 20 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 640 பிக்சல் துண்டுகளாக வெட்டினால் ஒரு படத்துக்கு 48 துண்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இதை ஓட்டிவிட்டுக் காத்திருப்பது கொடுமை. தெருவில் எடுத்த படங்களில் பழகிய மாடலும் உதவாது. மேலிருந்து பார்த்தால் ஆள் வெறும் தலையும் தோளும்தான். குரோஷியாவின் ஸ்பிளிட் பல்கலைக்கழகம் தொகுத்த ஹெரிடால் என்ற தொகுப்பின் படங்கள் மேலிருந்து ஆளைத் தேடுவதற்கென்றே எடுக்கப்பட்டவை. ஆனால் அந்த ஊர் மலையும் நம் பச்சைக் காடும் வேறு. இங்கே எடுத்த படங்களைக் கொண்டும் பழக்க வேண்டும்.

மாடல் எவ்வளவு உறுதியாக இருந்தால் ஆள் என்று காட்ட வேண்டும் என்ற நம்பக எல்லையை (0 முதல் 1 வரை) 0.2 அளவுக்கு இறக்கி வையுங்கள். சிமெண்ட் சாக்கு, வெட்டிய மரத்தின் வெளுத்த அடிக்கட்டை, பாசி படர்ந்த பாறை, நீலக் குடம் என்று எல்லாம் கட்டம் கட்டப்பட்டு வரும். வரட்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்; மாடல் விட்டதை யாரும் திரும்பத் தேடப் போவதில்லை.

ஆள் வடிவத்தை மட்டுமே நம்பியிருப்பதும் சரியல்ல. இத்தாலியின் மோன்விசோ மலையில் 2024 செப்டம்பரில் காணாமல் போனவரின் உடல் 2025 ஜூலையில் கிடைத்தது. இரண்டு ட்ரோன்கள் 183 ஹெக்டேரில் சுமார் 2,600 படங்கள் எடுத்தன. மென்பொருள் பிடித்தது ஒரு சிவப்புப் புள்ளியை. அது அவருடைய ஹெல்மெட். காணாமல் போனவர் அணிந்திருந்த சட்டை, பை, குடை ஆகியவற்றின் நிறத்தை வீட்டாரிடம் முதலிலேயே கேட்டு வாங்குவது இதனால்தான்.

படத்தோடு பதிவாகும் ஜிபிஎஸ் புள்ளி ட்ரோன் நின்ற இடம், ஆள் கிடக்கும் இடமல்ல. 60 மீட்டரில் எடுத்த வண்ணப் படத்தின் ஓரத்தில் தெரிவது 40 மீட்டர் தள்ளி இருக்கும். அதைத் திருத்திய பிறகே வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். இடத்தைச் சொல்வது தசம எண்ணிலா, பாகை-கலை-விகலையிலா (டிகிரி-நிமிடம்-நொடி) என்பதையும் கிளம்பும்போதே பேசி வையுங்கள்: 11.4102 என்பதை 11 பாகை 41 கலை 02 விகலை என்று எழுதிக்கொண்டால் 30 கிலோமீட்டர் பிசகும். ஹெலிகாப்டர் வருகிறது என்று தகவல் வந்தால் எல்லா ட்ரோனும் உடனே இறங்க வேண்டும். பாதியில் நின்ற வரியை வரைபடத்தில் குறித்து வைத்து, அங்கிருந்தே மறுபடி தொடங்குங்கள்.