சுருட்டுப் பெட்டி கிட்டார்: கழுத்தை எப்படிப் பொருத்துவது?

சுருட்டுப் பெட்டியில் கிட்டார் செய்யப் பழகும்போது பெட்டி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக மாற்றும் கருவி), பாலிஷ் என்று எதையெதையோ யோசித்தேன். கழுத்தை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கட்டையை, பெட்டியோடு எப்படிச் சேர்ப்பது என்பதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன். முதல் கிட்டார் வீணானதே அதனால்தான்.

எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து, ஸ்க்ரூ போட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். பெட்டிக்கு உள்ளேயிருந்து பக்கச் சுவர் வழியாகக் கழுத்தின் அடிமுனையில் இரண்டு ஸ்க்ரூ. சுவரின் கனமோ 4 மி.மீ. தான். முதல் நாள் நன்றாகவே ஒலித்தது. ஒரு வாரத்தில் 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஒன்று) கம்பி எழும்பி, விரலால் அழுத்தவே முடியவில்லை. பார்த்தால், சுவரின் மேல்விளிம்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. கீழே கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி. அக்கௌஸ்டிக் கிட்டார் கம்பி மூன்றை ஜி-டி-ஜி என்று சுருதி சேர்த்தாலே மொத்த இழுவிசை 20 கிலோவைத் தாண்டும். போதாததற்கு, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இறங்கிய ஸ்க்ரூவுக்குப் பிடிமானமும் குறைவு.

இரண்டாவதில் ஒரே கட்டையைப் பெட்டியின் இரு சுவர்களையும் துளைத்து, மறுபக்கம் வால் போல நீட்டிவிட்டேன். முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல அகலம். கம்பிகள் வாலில் மாட்டப்படுவதால் இழுவிசை முழுவதையும் கட்டையே தாங்கிக்கொள்கிறது. பெட்டிக்கு ஒலி எழுப்புவது மட்டுமே வேலை. கழுத்து அசையவில்லை. ஆனால் சத்தம் செத்துக் கிடந்தது. மூடியைத் தட்டினால் மேசையைத் தட்டியது போல 'டொக்'. கட்டை மூடியின் அடியில் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் மூடி எப்படி அதிரும்?

கழற்றி, பெட்டிக்குள் வரும் பகுதியில் மட்டும் மேல்பக்கத்தை உளியால் 5 மி.மீ. செதுக்கினேன். சுவர்களை ஒட்டிய இரு ஓரங்களிலும் கொஞ்சம் செதுக்காமல் விட்டேன். இப்போது தட்டினால் 'டும்'. அதற்கு மேல் ஆழமாகச் செதுக்காதீர்கள், கட்டை வளையத் தொடங்கும்.

பசை போட்டு ஒட்டும் முறையையும் சொல்வார்கள். உள்ளே நல்ல தாங்குகட்டை இருந்தால் நிற்கும். ஆனால் கோணம் ஒரு டிகிரி தப்பினாலும் திருத்த வழியில்லை. புதிதாகச் செய்பவருக்கு அது வேண்டாம் என்பேன். கழற்றி மாட்டும் வசதி வேண்டுமென்றால் ஸ்க்ரூ முறையையே தடித்த உள்கட்டை, மரத்தில் பதிக்கும் மரையுறை (உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்), போல்ட் என்று ஒழுங்காகச் செய்யலாம். அவ்வளவு மெனக்கெடுவதற்கு, இரண்டாவதில் செய்தது போலப் பெட்டியை ஊடுருவிப் போகும் ஊடுகட்டையே மேல்.

சரி, கம்பியின் உயரம்? கழுத்தும் மூடியும் ஒரே மட்டத்தில் இருந்து, பிரிட்ஜ் (மூடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) 10 மி.மீ. உயரம் என்றால், ஃப்ரெட் வைத்து வாசிக்கக் கம்பி மிக உயரமாக நிற்கும். ஸ்லைடு (கம்பியின் மேல் வழுக்கிச் செல்லும் குழல்) வைத்து வாசிப்பவருக்கு அது வசதிதான். எனக்கு ஃப்ரெட் வேண்டும். அதனால் மூன்றாவது கிட்டாரில் கழுத்தைப் பின்பக்கம் சாய்க்கும் கணக்கெல்லாம் போடாமல், அதன் மேல் 6 மி.மீ. ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்கள் பதிக்கும் பலகை) ஒட்டினேன்; கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு கட்டையும் அதன் மேலேயே ஏறிவிட்டது. இப்போது 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி இரண்டரை மி.மீ. உயரத்தில் நிற்கிறது.