பதினோராயிரம் பேருக்கு எத்தனை தூதர்கள் வேண்டும்?

ஒரு நாட்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால், வரலாற்றுக்குப் போவதற்கு முன்னால் அதற்கு எந்தெந்த ஊர்களில் தூதரகம் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என் வழக்கம். பெரிய நாடுகளிடம் இது பலிக்காது, எல்லா இடத்திலும் ஒரு கட்டடம் வைத்திருப்பார்கள். சின்ன நாடுகள் கதை வேறு. கையிலிருக்கும் காசுக்கு நாலைந்து இடம்தான் கட்டுப்படியாகும், அந்த நாலைந்தும் எவை என்று பார்த்தாலே யாரை நம்பியிருக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

துவாலுவை எடுத்துக்கொள்வோம். பசிபிக்கில் ஒன்பது பவளத் தீவுகள், மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 11,000. 1978 அக்டோபர் 1 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. சுவா, நியூயார்க், தைபே, வெலிங்டன் என்று அதன் முக்கியமான தூதரகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டெல்லி இல்லை, பெய்ஜிங் இல்லை, மாஸ்கோ இல்லை. தங்கள் அரசர் இருக்கும் லண்டனில்கூட (அங்கே நாட்டின் தலைவர் இன்னமும் பிரிட்டன் அரசர்தான்) சம்பளத் தூதரை வைக்காமல் ஒரு கௌரவத் துணைத்தூதரை வைத்துத்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

சுவா ஏன் என்பது எளிது. ஃபிஜியின் தலைநகர், துவாலு போகும் விமானம் அங்கிருந்துதான் கிளம்பும், பசிபிக் தீவுகள் மன்றத்தின் செயலகமும் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகமும் அங்கேதான். அதைவிட முக்கியம், துவாலுவுக்கென்று மற்ற நாடுகள் நியமிக்கும் தூதர்களில் பலர் உட்கார்ந்திருப்பதே சுவாவில்தான். இந்தியாவும் அப்படித்தான்: ஃபிஜியில் இருக்கும் இந்திய உயர் ஆணையரே துவாலுவுக்கும் பொறுப்பு. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கை இதற்கு இடம் தருகிறது, ஒருவரையே பல நாடுகளுக்குத் தூதராக நியமிக்கலாம், சம்பந்தப்பட்ட நாடு ஆட்சேபிக்காத வரை. அப்படி நியமிக்கப்பட்டவர் ஒருமுறை விமானமேறி துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டி வந்து, அரசரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். ஆகவே துவாலு தன் ஆளைச் சுவாவில் உட்கார வைத்தால் ஒரே தெருவில் பாதி உலகத்தைப் பார்த்துவிடலாம்.

நியூயார்க் கதை இன்னும் சுவாரசியம். விடுதலை கிடைத்து 22 வருடம் கழித்துத்தான், 2000 செப்டம்பரில், துவாலு ஐ.நா.வில் 189ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் பணம். இணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்து கொடுத்தபோது துவாலுவுக்கு விழுந்தது டி-யும் வி-யும். டாட் டிவி! தொலைக்காட்சி என்றால் உலகம் முழுக்க அந்த இரண்டு எழுத்துதான் என்பதால் ஒரு அமெரிக்க நிறுவனம் அந்த முகவரியை விற்கும் உரிமையை ஐந்து கோடி டாலருக்கு, தவணை முறையில், எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் வரத் தொடங்கிய பிறகுதான் ஐ.நா. உறுப்பினர் செலவைத் தாங்க முடிந்தது. தூதரகத்துக்கு நிதி இப்படியும் வரலாம் என்று எந்தப் பொருளாதார நிபுணரும் திட்டம் போட்டுத் தந்திருக்க மாட்டார்.

ஐ.நா.வுக்குக் கட்டும் சந்தா பெரிய தொகை இல்லை. மிகச் சிறிய நாடுகளின் பங்கு பட்ஜெட்டில் 0.001 சதவீதம், வருடத்துக்கு முப்பதாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும். கழுத்தை நெரிப்பது மன்ஹாட்டன் வாடகையும் ஆட்களின் சம்பளமும்தான். அதனால்தான் காமன்வெல்த் அமைப்பு 1983இல் நியூயார்க்கில் சிறிய நாடுகளுக்கென்று ஒரு பொது அலுவலகத்தைத் திறந்தது. ஒரே தளத்தில் பல நாடுகள், வாடகைச் சலுகையோடு.

அந்த அறைகளில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. பொதுச்சபைக்கு ஆறு முக்கியக் குழுக்கள், எல்லாம் ஒரே பருவத்தில் கூடும், ஒவ்வொன்றிலும் தீர்மான வரைவுகள் கட்டுக்கட்டாக வரும், பெரிய நாடு ஒவ்வொரு குழுவுக்கும் தனிப்படை அனுப்பும், இவர்களோ இரண்டு மூன்று பேர், அதில் ஒருவர் தூதர், அவரே வாஷிங்டனுக்கும் தூதர். எதைப் படிப்பது, எதை விடுவது என்று தினமும் காலையில் முடிவெடுத்தாக வேண்டும். தனியாக முடியாது என்பதால்தான் 1990இல் சிறு தீவு நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. இன்று அதில் 39 உறுப்பினர்கள். அதன் முதல் தலைவர் ராபர்ட் வான் லீராப், வனுவாட்டுவின் ஐ.நா. தூதர். ஆனால் மனிதர் அமெரிக்கர், நியூயார்க் வழக்கறிஞர்! சின்ன நாடுகள் இப்படி வெளிநாட்டவரைத் தங்கள் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார வைத்தது ஒன்றிரண்டு தடவை அல்ல.

துவாலுவும் அதைச் செய்தது. 2009 கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் அதன் சார்பில் பேசி, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று மல்லுக்கு நின்று, கண்கலங்கிய இயன் ஃப்ரை ஆஸ்திரேலியாவில் வசித்தவர். உடனே கேலி கிளம்பியது, கடலே இல்லாத ஊரில் குடியிருப்பவர் கடல் மூழ்கடிக்கப் போகிறது என்று அழுகிறாரே என்று. எனக்கு அந்தக் கேலி அபத்தமாகவே படுகிறது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் ஜெயிப்பது உணர்ச்சி அல்ல, போன வருட வரைவில் எந்தப் பத்தியில் எந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் எடுத்தார்கள் என்று நினைவில் வைத்திருக்கும் ஆள். பதினோராயிரம் பேர் உள்ள நாட்டில் அப்படி ஒருவரை விடாமல் அதே வேலையில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம்! நல்லவேளை, உள்ளூர் ஆட்களும் அந்தப் பள்ளியில் தேறினார்கள். ஐ.நா.வில் துவாலுவின் முதல் தூதராக இருந்த எனெலெ சோபோவாகா 2013இல் பிரதமரானார்.

அடுத்து தைபே. இதைப் பற்றி எழுதினால் உடனே "ஐ.நா. ஓட்டை விற்கிறார்கள்" என்பார்கள். தைவான் தன் பகுதி என்கிறது சீனா, ஆகவே ஒரு நாடு பெய்ஜிங், தைபே இரண்டில் ஒன்றைத்தான் அங்கீகரிக்க முடியும். துவாலு 1979இலேயே தைவானை அங்கீகரித்தது, இன்றுவரை மாறவில்லை. 2019இல் ஒரே வாரத்தில் சாலமன் தீவுகளும் கிரிபட்டியும் பெய்ஜிங் பக்கம் போயின, 2024 ஜனவரியில் தைவான் தேர்தல் முடிந்த இரண்டே நாளில் நவூருவும் போனது. தைவானை அங்கீகரிப்பவை 12 ஆகச் சுருங்கின. சரி, இதில் வரவு இருக்கிறதா? இருக்கிறது, உதவித்தொகை, படிப்பு, மருத்துவம் எல்லாம். ஆனால் காசு மட்டுமே கணக்கு என்றால் துவாலு எப்போதோ கட்சி மாறியிருக்கும். பெரிய நாடுகள் தங்கள் ஓட்டைப் படைத்தளத்துக்கும் எண்ணெய்க்கும் கொடுத்தால் அது ராஜதந்திரம், தீவு கொடுத்தால் வியாபாரமா?

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். 2011இல் ரஷ்யாவின் செல்வாக்கில், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவையும் தெற்கு ஒசேஷியாவையும் அங்கீகரித்துவிட்டு, 2014இல் ஜார்ஜியாவோடு உறவு ஏற்படுத்தியபோது அதை வாபஸ் வாங்கியது துவாலு. அந்த மூன்று வருட விவகாரம் அழகாக இல்லை.

தூதரகம் இல்லாத இடத்தில் சொந்த ஜனங்களுக்கு ஏதாவது ஆனால்? துவாலு ஆண்கள் பலர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகள். 2009 ஏப்ரலில் ஹன்சா ஸ்டாவாங்கர் என்ற ஜெர்மன் கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தபோது அதில் துவாலு மாலுமிகளும் இருந்தார்கள். நான்கு மாதம் பிணைக்கைதிகள். துவாலுவுக்குச் சோமாலியாவிலும் தூதரகம் கிடையாது, பக்கத்துக் கென்யாவிலும் கிடையாது. கப்பல் முதலாளியையும் ஜெர்மனியையும் நம்பியிருப்பதைத் தவிர ஃபுனாஃபுட்டியில் இருந்தவர்களால் என்ன செய்திருக்க முடியும்? மீட்புப் பணம் கொடுத்த பிறகு ஆகஸ்டில் கப்பல் விடுபட்டது.

இப்போது நடப்பது இதற்கெல்லாம் மேலே. 2021இல் அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் ஆழக் கடலில் நின்று பேசிய வீடியோ எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடும் வேலை பலருக்குத் தெரியாது. புதிதாக உறவு வைக்கும் நாடுகளிடம் துவாலு ஒரு நிபந்தனை போடுகிறது: கடல்மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும் துவாலு ஒரு நாடாகவே தொடரும், அதன் கடல் எல்லை மாறாது என்று கூட்டறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அதைச் சுற்றியுள்ள பொருளாதாரக் கடல் மண்டலம் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அரசின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கே சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். நிலம் போனால் அந்தக் கடலுக்கு உரிமை யாருடையது? இதற்குப் பதிலை ஒவ்வொரு நாடாகப் போய் எழுதி வாங்குகிறார்கள். 2023இல் தங்கள் அரசியலமைப்பிலும் இதை எழுதிக்கொண்டார்கள்.

அதே 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபலெபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த வருடம் ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், துவாலுவின் நாடு என்ற தகுதி தொடரும் என்பதை ஆஸ்திரேலியா ஏற்கிறது. பதிலுக்கு, பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டோடு எந்த ஏற்பாடு செய்வதானாலும் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும், துறைமுகமும் தொலைத்தொடர்பும்கூட அதில் அடங்கும். எனக்கு உறுத்துவது இதுதான். நாலைந்து அறைகளை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் துவாலு சம்பாதித்ததெல்லாம் யாரோடு பேசுவது என்று தானே முடிவு செய்யும் உரிமையைத்தான், அதில் ஒரு பங்கை இப்போது கொடுத்துவிட்டது. ஆனால் அந்த 280 பேரைத் தேர்ந்தெடுக்க 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயர் கொடுத்தார்கள் என்கிறபோது, தூரத்தில் இருந்துகொண்டு அந்தப் பேரத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.