ஏழாம் வார்த்தைக்குப் பின் நான்காம் வார்த்தை

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் கித்தாரை எடுத்து ஆறாம் கம்பியைத் தளர்த்தினேன். ஈ சுரத்திலிருந்து சி சுரம் வரைக்கும் இறக்க வேண்டும். மற்ற ஐந்தும் ஒரு சுரம் கீழே. சாதாரணக் கம்பி அவ்வளவு இறக்கத்தைத் தாங்கவில்லை. தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடித்து, நாண் அறுந்த வில் மாதிரி உளறியது. கடைக்குப் போய்க் கனமான கம்பி வாங்கிவந்து மாட்டிய பிறகுதான் குரல் வந்தது. கீழ்க் கம்பிகள் மூன்றையும் ஒரே விரலால் அழுத்தினால் போதும், முழு கார்டும், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டும், விழுகிறது. அடிவயிற்றில் கேட்கிறது அந்தச் சத்தம்.

சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘சாப் சூயி!’ பாட்டைப் பத்தாம் வகுப்பில் முதலில் கேட்டேன். அப்போது ஒரு வார்த்தை புரியவில்லை. இப்போதுதான் வாசிக்கக் கற்கிறேன்.

9 ஏப்ரல், புதன்

இரண்டு நாளாக முதல் பாதி மட்டும்தான். அக்கூஸ்டிக் கித்தார் தனியாகத் தொடங்குகிறது. பிறகு ஜான் டோல்மயனின் டிரம்ஸ், அதன்மேல் மொத்தக் கூட்டமும். குழுவின் கித்தார்காரர் டாரன் மலாக்கியான் இந்தப் பாட்டை ஊர் ஊராகச் சுற்றிய வண்டியின் பின்பக்கக் கட்டிலில் உட்கார்ந்து அக்கூஸ்டிக்கில்தான் மெட்டுப் போட்டாராம். கேட்டால் நம்பலாம். இரைச்சலையெல்லாம் கழித்துவிட்டு கார்டுகளை மட்டும் மெதுவாக மீட்டிப் பார்த்தேன். ஒப்பாரி போல இழுக்கிறது.

சரணம் வேறு மாதிரி. பாடகர் செர்ஜ் டாங்கியன் வார்த்தைகளைக் கடித்துத் துப்புகிறார். காலையில் எழுந்து முகத்துக்குப் பூசிக்கொள்வது, காயத்தை மறைப்பது, சாவியை மேசைமேல் விட்டுவைப்பது. யாரோ ஒருவர் வெளியே கிளம்பும் முன் செய்கிற சின்னச் சின்ன வேலைகள். பல்லவி வந்ததும் அதே குரல் விரிந்து பாடுகிறது. நு-மெட்டல் என்ற கனத்த ராக் வகையில் கடைகளில் அடுக்கப்பட்ட பாட்டுகள் சிலவற்றில் கத்தலும் பாடலும் இரண்டு ஆட்களிடம் பிரிந்திருக்கும். இதில் பெரும்பாலும் ஒரே தொண்டை. அதனால்தான் ஒருவன் தனக்குள் சண்டை போடுவதாகக் கேட்கிறது.

12 ஏப்ரல், சனி

ஹெட்ஃபோனில் முதல் நொடியை மட்டும் பத்துத் தடவை கேட்டேன். கித்தாருக்கு முன்னால், ஒலிப்பதிவு ஓடுகிறது என்று யாரோ லேசாகச் சொல்லும் குரல் இருக்கிறது. அதில் பாட்டின் பழைய பெயர் வருகிறது: ‘தற்கொலை’ என்பதற்கான ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லைப் பாதியில் வெட்டினால் புதுப் பெயரின் ‘சூயி’ கிடைக்கும்.

பல்லவியில் தேவதூதர்கள் சாகத் தகுந்தவர்கள் என்று வருவதைக் கேட்டுப் பலர் பதறினார்கள். மலாக்கியான் பேட்டிகளில் சொன்ன விளக்கம் எளிமையானது: ஒருவர் எப்படிச் செத்தார் என்பதை வைத்தே அவரை எடைபோடுகிறோம். போதையில் செத்தால், அவனுக்கு அது வேண்டியதுதான் என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த வரியைப் படித்துவிட்டு கித்தாரைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன மாமா ஞாபகம்.

மாமா ஈரல் கெட்டுச் செத்தார். 41 வயது. அடக்க ஆராதனையில், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே, “பாவத்தின் சம்பளம் மரணம்” என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். அதே வருஷம் பெரியப்பா நெஞ்சுவலியில் போனார். அவருக்கு “நல்ல போராட்டத்தைப் போராடினேன்” கிடைத்தது. இரண்டு பேரும் அதே கோயில், அதே குடும்பக் கல்லறை.

15 ஏப்ரல், செவ்வாய்

பாட்டின் நடுப்பகுதி உருவான கதையைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு டாங்கியனுக்கு வார்த்தை வரவில்லை. அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துத் திற, முதலில் கண்ணில் படுவதை எழுது என்றாராம் ரூபின். கண்ணில் பட்டது, பிதாவின் கையில் ஆவியை ஒப்புவிக்கும் வரி. தற்செயல்தான். ஆனால் அந்த வரி ஏற்கெனவே அங்கே காத்திருந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரு விஷயம் எழுதிவைக்க வேண்டும். குழுவின் நால்வருமே ஆர்மீனிய வம்சம். டாங்கியனும் டோல்மயனும் பெய்ரூத்தில் பிறந்தவர்கள், பேஸ் கித்தார் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில், மலாக்கியான் ஹாலிவுட்டில். ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்த 1915 இனப்படுகொலையில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள். எந்தச் சாவு கணக்கில் வரும், எது வராது என்ற கேள்வி அவர்கள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. இந்தப் பாட்டு அதைப் பற்றியது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்த பாட்டு.

இந்தப் பாட்டு இருக்கிற ‘டாக்ஸிசிட்டி’ தொகுப்பு 2001 செப்டம்பர் 4-இல் வெளிவந்தது. ஒரு வாரத்தில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அமெரிக்காவின் கிளியர் சேனல் நிறுவனம் தன் வானொலிகளுக்கு அனுப்பிய, யோசித்து ஒலிபரப்ப வேண்டிய பாட்டுகளின் பட்டியலில் ‘சாப் சூயி!’யும் சேர்ந்தது. தொகுப்போ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி, பாளையங்கோட்டை

மும்மணி ஆராதனை. பன்னிரண்டு முதல் மூன்று வரை, மின்விசிறிக்குக் கீழே வெள்ளைச் சேலைகள். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு தியானம். நான்காவது: “என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்.” ஏழாவது: “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்.”

எனக்கு உள்ளே பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. குற்றவுணர்ச்சி வரவில்லை.

19 ஏப்ரல், சனி

அம்மா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடுப்பகுதியை வாசித்துக்கொண்டே மெதுவாக முணுமுணுத்தேன். என்ன பாட்டு என்றாள். ஆவியை ஒப்புவிக்கும் வரி, பிறகு வரும் ஏன் கைவிட்டீர் என்ற வரி, இரண்டுக்கும் அர்த்தம் சொன்னேன்.

கை நின்றது. “எய்யா, ஏழாம் வார்த்தைய முன்னால போட்டுட்டு நாலாம் வார்த்தைய பின்னால போட்டிருக்கானே?”

நான் இத்தனை வருஷமாகக் கவனிக்கவில்லை. ஆராதனையில் கைவிடப்பட்ட கதறல் முதலில், அமைதியான ஒப்படைப்பு கடைசியில். பாட்டில் ஒப்படைப்பு முதலில். பிறகு ஏன் கைவிட்டீர், உம் கண்ணில், உம் நினைவில், உம் இருதயத்தில் ஏன் கைவிட்டீர் என்று படிப்படியாக ஏறுகிறது. கையில் கொடுத்துவிட்டு, கை அங்கே இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

“தப்பாப் போட்டுட்டாங்களோம்மா?” என்றேன்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தப்பில்ல. ஒங்க மாமா அப்படித்தான்” என்றாள். “கடைசி ராத்திரி நாந்தான் கூட இருந்தேன். ஜெபம் பண்ணுக்கான்னான். ரெண்டு பேருமா பரமண்டல ஜெபம் முழுசும் சொன்னோம். ஆமென்னு சொல்லி முடிச்சப் பொறவுதான் கேட்டான், அக்கா, அவரு என்ன விட்டுட்டாரோன்னு.”

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“வெளக்க அணைக்காம இருந்தேன்” என்றாள்.

24 ஏப்ரல், வியாழன், சென்னை

ஆர்மீனிய இனப்படுகொலையின் நினைவு நாள். 2015-இல், நூறாம் ஆண்டுக்கு முந்தைய இரவு, சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழு யெரெவானின் குடியரசுச் சதுக்கத்தில் மழையில் வாசித்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். சதுக்கம் நிறைய ஜனம் நனைந்துகொண்டே பாடுகிறது.

ராத்திரி முழுப் பாட்டையும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தேன். சரணத்தில் வலக்கை இன்னும் பின்தங்குகிறது. நடுப்பகுதி சரியாக வருகிறது. ஃபோனில் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

“சத்தம் காது பொளக்கு. அந்த ரெண்டு வரிய மட்டும் தனியா அனுப்பு” என்று பதில் வந்தது. அனுப்பினேன்.