எங்கள் மட்டுக்கு ஓசியில் ஓர் இடம்

மின்னஞ்சலில் இருந்ததே மூன்று வரிதான். வேலை மாறுகிறேன், மாதக் கடைசியோடு அந்த இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள வழியில்லை. பதினோரு வருஷம் காலணா வாங்காமல் எங்கள் இணைய விளையாட்டை அந்த இயந்திரத்தில் ஓடவிட்டிருந்தவர் அவர்.

விளையாட்டு என்றால் படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. டெல்நெட் என்ற பழைய எழுத்துவழி இணைப்பில் உள்ளே போனால் வெறும் எழுத்து. வடக்கே போ என்று தட்டினால் அடுத்த அறையின் வர்ணனை வரும். அந்த அறையில் ஃபின்லாந்திலிருந்து தட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கோடாரியோடு நிற்பார். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிவைத்த வகை இது. மட் என்று பெயர். எங்களுடையது 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் எழுதிய டிக்குமட் என்ற நிரலின் வழியில் வந்த சர்க்கிள்மட். அதன்மேல் இருபது வருஷமாக ஆளாளுக்குப் போட்ட ஒட்டு. கோவையில் கல்லூரி படித்த காலத்தில் ஆட வந்தவன் நான். பொறுப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, சர்வர் சாவி கடைசியில் என் கையில் வந்து நின்றது.

மாதம் ஐந்து டாலருக்கு வாடகைச் சர்வர் கிடைக்கிறதே, இதற்கு எதற்கு யாசகம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. காசு என் கார்டிலிருந்து போனால் விளையாட்டின் ஆயுசும் என் கார்டோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சலித்த மாதம் அதுவும் சாகும். சரி, எல்லோரிடமும் வசூலிக்கலாம் என்றால் எங்கள் நிரலோடு வந்த டிக்குமட்டின் பழைய லைசென்ஸ் குறுக்கே படுத்திருக்கிறது. எந்த வகையிலும் லாபம் பார்க்கக் கூடாது. டிஸ்க் அனுப்புவதற்கு வழக்கமாக வாங்கும் 5 டாலர்கூட வாங்கக் கூடாது என்று அந்தக் காலத்து பாஷையில் எழுதியிருக்கும். சர்வர் செலவுக்கு நன்கொடை வாங்குவது லாபமா இல்லையா என்று எனக்குத் தெரிந்த நாள்முதல் சண்டை நடக்கிறது. அதில் இறங்க எனக்குத் தெம்பு இல்லை. அதோடு, காசு கொடுத்தவன் நாளைக்கு விளையாட்டுக்குள் அவன் ஆள் டிராகனிடம் செத்தால் என்னிடம்தான் வந்து நிற்பான். ஆகவே பணம் வேண்டாம், இடம் மட்டும் போதும் என்று முடிவுசெய்தோம்.

திறமூலத் திட்டங்களுக்கு, அதாவது நிரலை யாரும் எதற்கும் பயன்படுத்த விடும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு, இலவசமாக இடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் சோர்ஸ் லேப் அப்படிப்பட்டது. ஆனால் லாபத்துக்குத் தடைபோடும் லைசென்ஸ், திறமூலக் கணக்கில் சேராது. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தாலும் சேராது. அந்த வாசலில் போய் நிற்கவே இல்லை.

நான் எழுதிய முதல் கடிதத்தை இன்றைக்குப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. விளையாட்டின் வரலாறு, இங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், பார்வையற்ற ஆட்டக்காரர்கள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரோடு சமமாக ஆடக்கூடிய இடம் இது என்பதெல்லாம் எழுதி ஒன்றரைப் பக்கம். எல்லாம் உண்மைதான். இடம் தரக்கூடும் என்று தோன்றிய பதினான்கு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் கேட்டது: "மொத்தம் எவ்வளவு ரேம்?"

அப்போதுதான் உறைத்தது. இடம் தருகிறவருக்கு நம் கதை தேவையில்லை. நம்மால் அவருக்கு என்ன தலைவலி வரும் என்பதுதான் தேவை. கேம் சர்வர் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே, தோற்றுப்போன பையன் எவனாவது கோபத்தில் போலிப் போக்குவரத்தை அனுப்பி நெட்வொர்க்கையே மூழ்கடிப்பான் என்றுதான் அவர்களுக்கு நினைப்பு ஓடும். இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தேன். ரேம் 38 எம்பி. டிஸ்க், பழைய லாக்கையும் சேர்த்து 210 எம்பி. நெரிசலான சாயங்காலத்தில் 22 பேர். மாதத்துக்கு 4 ஜிபி போக்குவரத்துகூட இல்லை. வெளியிலிருந்து இணைய, திறக்க வேண்டிய வாசல் 4000ஆம் போர்ட் ஒன்றுதான். மின்னஞ்சல் அனுப்ப மாட்டோம், இயந்திரத்தின் முழு அதிகாரமான ரூட் அனுமதி வேண்டாம், தினமும் பேக்கப்பை நானே என் வீட்டுக்கு இழுத்துக்கொள்கிறேன், போகச் சொன்னால் முப்பது நாளில் போய்விடுகிறோம். எட்டு வரி. கடைசியில் ஒரு வரி: தாக்குதல் வந்தால் என்னைக் கேட்காமலே அணைத்துவிடலாம்.

இதற்கு நான்கு பதில் வந்தது. ஒருவர் வீட்டு பிராட்பேண்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனசு, ஆனால் இணையத்தில் அந்த இயந்திரத்தைக் காட்டும் ஐபி முகவரி வாரத்துக்கு ஒன்றாக மாறும். இன்னொருவர் அலுவலக இயந்திரத்தில் யாருக்கும் தெரியாமல் ஓட்டலாம் என்றார். கும்பிட்டு மறுத்துவிட்டேன். மூன்றாமவர் ஒத்துக்கொண்டு காணாமல் போனார். நான்காமவர் சின்னதாக ஹோஸ்டிங் தொழில் நடத்துகிறவர்; மாணவராக இருந்தபோது எங்களிடம் ஆடியவராம். ஒரு ஜிபி ரேமில் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது சர்வருக்குள் ஒதுக்கிய ஒரு பங்கு, சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "ஆர்ம் சிப், பரவாயில்லையா?"

அதுவரை எங்கள் விளையாட்டு ஓடியது இன்டெல் வகைச் சிப்பில்; ஆர்ம் வேறு குடும்பம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

மூலநிரல் புது இயந்திரத்தில் ஓடும் வடிவத்துக்கு மாறியது, அதாவது கம்பைல் ஆனது. ஓடவிட்டதும் சிபியு 100 சதவீதத்துக்கு ஏறி அப்படியே நின்றது. விளையாட்டின் உலகம் எழும்பவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தேடிய பிறகு தெரிந்தது: எங்களில் யாரோ எப்போதோ எழுதிய ஒரு துண்டு, கோப்பிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்து, முடிந்ததற்கு அடையாளமாக மைனஸ் ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வதோ சி மொழியின் சாதாரண கேர், ஓர் எழுத்துக்கான ஒரு பைட் பெட்டி. இன்டெல்லில் அந்த கேர் மைனஸைத் தாங்கும். ஆர்ம் லினக்ஸில் அதற்கு மைனஸே கிடையாது, மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும். கோப்பு முடிந்து எவ்வளவோ நேரமாகியும் அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருந்தது. கம்பைலருக்கு ஒரே ஒரு சொல் கூடுதலாகக் கொடுத்ததும் சரியானது.

அடுத்த முறை உலகம் எழுந்தது, கூடவே ஒரு மணிச்சத்தமும் எச்சரிக்கையும்: ஆட்டக்காரர் கோப்பு அநேகமாகக் கெட்டுப்போயிருக்கிறது. சர்க்கிள்மட் எல்லா ஆட்களையும் ஒரே கோப்பில், நினைவகத்தில் இருக்கிற வடிவத்திலேயே கொட்டி வைக்கும். பழைய நிரல் 32 பிட். அதில் லாங் என்ற எண் வகைக்கு 4 பைட் இடம். புதியதில் 8. முதல் ஆள் பெயர்வரைக்கும் சரியாக வந்தார். இரண்டாம் ஆளிலிருந்து எல்லாம் குப்பை. இன்டெல்லாக இருந்தால் 32 பிட்டாகவே கம்பைல் செய்து தப்பித்திருக்கலாம். பழைய இயந்திரம் அணைய ஒன்பது நாள் இருந்தது. அங்கேயே ஒரு குட்டி நிரல் எழுதி, ஒவ்வோர் ஆளையும் சாதாரண உரையாக இறக்கி, இங்கே இன்னொரு நிரலால் திரும்ப ஏற்றினேன். கடவுச்சொற்கள் பிழைத்தன.

ஆட்டக்காரர்கள் தட்டி வரும் முகவரியான டொமைன் பெயர் 2009இல் விலகிப்போன ஒருவர் பேரில் இருந்தது. நல்லவேளை, அவர் பதில் போட்டார். இல்லாவிட்டால் இடம் கிடைத்தும் முகவரி இல்லாமல் நின்றிருப்போம். மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே, அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை 86400 நொடியிலிருந்து 300க்கு இறக்கிவிட்டேன். அப்படியும் ஏழெட்டுப் பேர், ஆடப் பயன்படுத்தும் நிரலான கிளையண்டில் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைச் சேமித்து வைத்திருந்தார்கள். பழைய இயந்திரத்தில் கடைசி நாள்வரை ஒரு சின்ன அறிவிப்பைப் பேசவிட்டேன். பார்வையற்ற ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, பதற்றத்தில் நாலு முறை எனக்கு எழுதினார். அவர் கிளையண்டை மாற்றிக்கொடுக்க ஒரு மணிநேரம் போனில் பேசினோம். ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல் புரியவில்லை.

இடம் கொடுத்தவருக்கு நன்றி எப்படிச் சொல்வது? முகப்புத் திரையில் டிக்குமட் எழுதிய ஐவர் பெயர் இருந்தாக வேண்டும், அது லைசென்ஸ். அதன்கீழே ஒரு நிறுவனப் பெயரைப் போட்டால் விளம்பரம், விளம்பரம் என்றால் லாபம் என்று மறுபடி சண்டை கிளம்பும். அவரிடமே கேட்டேன். பெயரெல்லாம் வேண்டாம், என் பழைய ஆள் இருக்கிறானா என்று மட்டும் பாருங்கள் என்றார்.

இல்லை. ரொம்ப நாள் வராதவர்களை எப்போதோ துடைத்திருக்கிறோம். ஆனால் என்னிடம் 2006 பேக்கப் ஒன்று சிடியில் கிடந்தது. அதே குட்டி நிரலை அதன்மேல் ஓட்டினேன். வந்தான், 27ஆம் நிலை வீரன். ஆளை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. எங்கள் விளையாட்டில் சத்திரத்தில் வாடகை கட்டித்தான் சாமான்களைப் போட்டுவைக்க முடியும். முப்பது நாள் ஆள் வராவிட்டால் எல்லாம் போய்விடும். அவர் உள்ளே வந்தபோது நானும் கோயில் அறையில் நின்றிருந்தேன். வாளும் இல்லை, கவசமும் இல்லை. வந்த வேகத்தில் அவர் திரையில் இரண்டு வரி விழுந்திருக்கிறது, பிரதியெடுத்து எனக்கு அனுப்பினார்: உனக்குப் பசிக்கிறது. உனக்குத் தாகமாக இருக்கிறது.

என் பையில் இருந்த ரொட்டியைக் கொடுத்தேன்.