ஹெரால்ட் என்ஜினில் கேட்ட ‘டக் டக்’: தேடிப் பிடித்த கதை

என்னிடம் இருப்பது நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் ஆலையில் இங்கேயே செய்தார்கள். 948 சிசி, நான்கு சிலிண்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுப்பேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த என்ஜினில் ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இதே மாதிரி சத்தத்துக்குப் பயந்து என்ஜினை இறக்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் சத்தம் தையல் மெஷின் ஓடுவதுபோல மெலிதாக இருக்கும். இது அதைவிடக் கனமாக, இரும்பில் இரும்பு மோதுவதாகக் கேட்டது. ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “பேரிங் அடிக்குது சார், என்ஜினை இறக்கிடலாம்” என்றார்கள். இறக்கினால் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்கைத் தேய்க்க வேண்டும், அதற்கேற்ற அளவில் பேரிங் தேட வேண்டும். இந்த என்ஜினுக்கு அது லேசில் கிடைக்காது. அடிப்பது பேரிங்தான் என்று எந்தச் சோதனையும் சொல்லாதபோது அதற்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

முதலில் செய்தது, சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதி வைத்தது. பல நாள் நிறுத்தியிருந்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் தொடங்குகிறது. ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, நன்றாகக் கேட்கிறது. மேம்பாலம் ஏறும்போது, அதாவது என்ஜின் கஷ்டப்பட்டு இழுக்கும்போது, அடங்கிவிடுகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் பேரிங் என்ற முடிவை முதலில் சந்தேகிக்க வைத்தது. பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது சத்தம் கூட வேண்டும், குறையக் கூடாது. பிஸ்டன் தட்டுவதோ எக்ஸாஸ்ட் பேக்கிங் வழியாகக் காற்று கசிவதோ என்றால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் கேட்கும். இங்கே நேர்மாறு.

சந்தேகம் வேறு, நிச்சயம் வேறு. ஹெரால்டில் ஆயில் பிரஷருக்கு விளக்கு மட்டும்தான், மீட்டர் கிடையாது. அந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு மீட்டரை மாட்டினேன். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ரேஸ் செய்தால் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு காட்டியது. பேரிங் மோசமாகத் தேய்ந்திருந்தால் பொதுவாக இவ்வளவு காட்டாது. அப்புறம் பிளக் சோதனை: என்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி எர்த் செய்து, மூன்று சிலிண்டரில் ஓடவிட்டுக் கேட்பது. இப்படியே ஒவ்வொன்றாக நான்கும். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ காரணமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் சத்தம் குறையும், இல்லை மாறும். நான்கிலும் எந்த மாற்றமும் இல்லை. இந்தக் குடும்பத்து என்ஜின்களில் கிராங்க் முன்பின்னாக நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் பலவீனமான இடம் என்பதால் கிளட்சை மிதித்தும் கேட்டேன். அதிலும் மாறவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. டைனமோவும் வாட்டர் பம்ப்பும் பட்டியலிலிருந்து போயின.

இதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்பது முக்கியம். வார்ப்பிரும்பு பிளாக் முழுவதும் சத்தம் பரவும், காது ஏமாறும். தாளம் ஏமாற்றாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. நான்கு சிலிண்டர் என்ஜினில் அந்த இரண்டு சுற்றில் நான்கு வெடிப்பு. போனில் பதிவு செய்து, அலைவடிவம் காட்டும் ஒரு செயலியில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். சைலன்சர் சத்தம் வெடிப்புக்கு ஒன்றாகப் போடும் சின்னச் சின்ன மேடுகளும், நடுவே இந்த ‘டக்’ உயரமாக நிற்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு ‘டக்’குக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக நான்கு மேடு. நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு அது 160 மில்லிசெகண்ட் இடைவெளி. கிராங்கோடு ஒட்டிய சத்தமாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மேட்டுக்கு ஒன்று இருந்திருக்கும். ஆக, கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டும் ஏதோ ஒன்று.

அப்படிப் பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்தான்: ஏதாவது ஒரு வால்வின் டேப்பெட், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் கியர், ஏசி பம்ப் என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் பெட்ரோல் பம்ப்.

டேப்பெட்டில் தொடங்கினேன். கவரைக் கழற்றி, குளிர்ந்த என்ஜினில் எட்டு வால்வுக்கும் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) இடைவெளி வைத்தேன். இதற்கு ஒன்பதுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது: முதல் வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவது அமுங்கியிருந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்கைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றினால் நிதானமாகச் செய்யலாம். இரண்டு வால்வு லேசாக இளகியிருந்தன, சரிசெய்ததும் மேல்பக்கச் சலசலப்பு குறைந்தது. ‘டக்’ மட்டும் குறையவே இல்லை.

இப்போது நீளமான திருப்புளியின் முனையைப் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். ஹெரால்டில் பானெட்டும் மட்காடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வேறு எந்தக் காரிலும் இந்த வசதியை நான் பார்த்ததில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வந்தால் சத்தம் கூடியது. ஏசி பம்ப்பின் உடம்பில் வைத்ததும் கைப்பிடி வழியாக அடி காதில் விழுந்தது.

அதையும் உறுதி செய்தேன். பம்ப்பைக் கழற்றி, டேங்கிலிருந்து வரும் குழாயை நன்றாக அடைத்துவிட்டு, பம்ப் இருந்த ஓட்டையை அலுமினியத் தகட்டால் பேக்கிங் வைத்து மூடினேன். கார்பரேட்டர் கிண்ணத்தில் மீதமிருக்கும் பெட்ரோலில் என்ஜின் ஒன்றிரண்டு நிமிடம் ஓடும், சோதனைக்கு அது போதும். ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. ரேஸ் செய்து விட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

பம்ப்பைப் பிரித்ததும் காரணம் புரிந்தது. இதில் ஸ்பிரிங் இரண்டு. ஒன்று டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளிப் பெட்ரோலை அனுப்புவது. மற்றொன்று, கேம் ஷாஃப்ட்டைத் தொடும் ஆர்மை எப்போதும் கேமோடு ஒட்டியே வைத்திருப்பது. கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும், ஆர்ம் சும்மா ஆடும். அப்போது அதைப் பிடித்து வைப்பது அந்த இரண்டாவது ஸ்பிரிங் மட்டும்தான். என் பம்ப்பில் அது தளர்ந்துவிட்டது, ஆர்ம் ஆடும் அச்சான பின்னும் தேய்ந்திருந்தது. ஆர்ம் கேமை விட்டு விலகி, மறுபடி வந்து மோதியிருக்கிறது. நான் எழுதி வைத்ததெல்லாம் இதில் பொருந்தியது: பல நாள் நிறுத்தினால் கிண்ணம் வற்றும், ஸ்டார்ட் ஆனதும் பம்ப் முழு வேலை செய்யும், ஆர்ம் கேமை விடாது. மேடு ஏறும்போதும் என்ஜின் பெட்ரோல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்லோவில்தான் அதற்கு வேலை இல்லை.

புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் ஆர்மை ஆட்டிப் பார்த்துவிட்டு, “பின்னை மட்டும் மாத்துனா நிக்காது, ஓட்டையே முட்டை மாதிரி ஆயிருக்கு” என்றார். ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் அடித்து, அதற்கேற்ற பின்னையும் கடைந்து கொடுத்தார். நேர்த்தியான வேலை. ஸ்பிரிங், வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் சென்னை ஜிபி ரோட்டில் கிடைத்தது. டயாஃப்ரத்தையும் மாற்றினேன், எத்தனாலைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கினேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதில் சீக்கிரம் கெடும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சேம்பரில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும், அப்போது நிஜமாகவே பேரிங் போகும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தேன், பெட்ரோல் வாடை இல்லை. ஆனாலும் ஆயிலை மாற்றிவிட்டேன்.

மாட்டும்போது கவனிக்க ஒன்று உண்டு. பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் பேக்கிங், பழையது எந்தக் கனமோ அதே கனத்தில் இருக்க வேண்டும். கசிவு வரக் கூடாது என்று இரண்டு மூன்று போட்டால் ஆர்ம் கேமை எட்டாது, அதே சத்தம் திரும்ப வரும். நட்டை ஒரு பக்கமாக முறுக்காமல் இரண்டையும் மாறி மாறி முறுக்கினேன். என்ஜின் சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி முறுக்கினேன்.

இப்போது ஸ்லோவில் என்ஜின் அமைதியாக ஓடுகிறது. ‘டக்’ போனதால், அதற்கு அடியில் இத்தனை நாள் மறைந்திருந்த ஒரு மெல்லிய கீச்சு கேட்கிறது. பெல்ட்டைக் கழற்றினால் அது நின்றுவிடுகிறது. டைனமோவின் பின்பக்கப் புஷ் காய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அடுத்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.