பார்வோன் சொன்ன "நாளைக்கு"

மார்ச் 5, 2025, புதன்

இன்றைக்குச் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்குகிற நாள். சாயங்கால ஆராதனையில் வேதாகமத்தின் யோவேல் புஸ்தகம் 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். வஸ்திரங்களையல்ல, இருதயங்களைக் கிழித்துத் திரும்புங்கள் என்ற வசனம் சண்டே ஸ்கூல் நாளிலிருந்தே மனப்பாடம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் "இப்பொழுதே" என்று ஒரு சொல் இருக்கிறது, அது இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. லெந்து நாற்பது நாள் இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டுதான் கோவிலுக்குள் போயிருந்தேன்.

எழுதிவிடுகிறேன். அப்பா உயில் எழுதாமல் 2017-ல் இறந்தார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. "உனக்கு அப்பவே நகை போட்டாச்சுல்லா" என்று சொல்லி, ஒரு லட்சம் கையில் கொடுத்து, அப்பாவின் மனையில் அவள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வருஷமே அந்த மனையை 24 லட்சத்துக்கு விற்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இத்தனை வருஷமும் நான் இதற்காக அழாமல் இல்லை. உபவாசக் கூட்டங்களில் முழங்காலில் நின்று தேம்பி அழுதிருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருக்கும். அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது படுகிறது. அழுது முடித்ததும் விஷயமே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், அக்காவுக்கோ ஒரு ரூபாய் போயிருக்காது.

யாத்திராகமம் 8-ல் எகிப்து முழுக்கத் தவளை, படுக்கையில் தவளை, மாவு பிசைகிற தொட்டியில் தவளை. எப்போது இது நீங்க நான் ஜெபிக்கவேண்டும் என்று மோசே கேட்கிறார், எகிப்தின் ராஜா பார்வோன் "நாளைக்கு" என்கிறான். இன்னொரு ராத்திரி தவளைகளோடு படுக்கச் சம்மதித்தவன்! எட்டு வருஷமாக நானும் அப்படித்தான் படுத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். லேவியராகமம் 6-ஐ நான் சரியாகப் படித்ததில்லை. பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். எந்த நாளில்? குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில். பலி இன்றைக்கு, பணம் அப்புறம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

கணக்குப் போட்டேன். அக்காவின் பாதி 12 லட்சம், கொடுத்தது 1, பாக்கி 11. ஐந்தில் ஒரு பங்கு 2 லட்சத்து 20 ஆயிரம். ஆக 13 லட்சத்து 20 ஆயிரம்.

மார்ச் 22, சனி

மனைவியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பையன் கல்யாணம் முடியட்டுமே" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்குகளில் அதுவும் ஒன்று. காவலில் இருந்த பவுல் பேசப் பேச தேசாதிபதி பேலிக்ஸுக்குப் பயம் பிடித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 24-ல் இருக்கிறது, நிஜமான பயம்தான், ஆனாலும் எனக்குச் சமயமானபோது அழைப்பிப்பேன் என்று அனுப்பிவிட்டான். இரண்டு வருஷம் போனது. அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான், பவுல் காவலிலேயே இருந்தார்.

ஏப்ரல் 5, சனி

தூத்துக்குடிக்குப் போனேன். பையன் கல்யாணத்துக்கென்று போட்டிருந்த டெபாசிட்டை உடைத்து எடுத்த 5 லட்சத்துக்குச் செக்கும், மீதிக்கு நான் கையெழுத்துப் போட்ட கடிதமும் பையில் இருந்தன. வல்லநாடு தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"என்னல, சொல்லாம கொள்ளாம வந்து நிக்க?" என்று அக்கா சிரித்தாள். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். "நகை" என்று ஒரு வார்த்தையும், "அப்போ நிலைமை" என்று ஒரு வார்த்தையும் வாயில் வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டேன். உன்னை ஏமாற்றினேன் அக்கா, தெரிந்தே செய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "அந்த வருஷம்தான் மூத்தவ காலேஜ் ஃபீஸுக்கு என் சங்கிலிய அடகு வச்சேன். மூழ்கிப்போச்சு" என்றாள். அம்மாவின் சங்கிலி அது. நான் பாவ அறிக்கை சொன்ன ஞாயிறுகளில் ஒன்றில்கூட அந்தச் சங்கிலி என் கண்ணில் பட்டதில்லை. அத்தான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பாவ அறிக்கையில் தப்பிப்போன ஆடுகளைப்போல என்று சபையார் சேர்ந்து சொன்ன இடத்தில் என் குரல் எழும்பவில்லை.

மத்தியானம் அத்தானே போன் பண்ணினார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. "செக் பாஸாயிட்டு. மீதி எப்போ?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். மாமனார் ஊரில் வாங்கிப் போட்ட இடத்துக்கு ஆள் பேசியிருக்கிறேன் அத்தான், ஜூன் 30-க்குள் கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். "தேதிய எழுதிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். நானும் இங்கே எழுதிக்கொள்கிறேன்: ஜூன் 30.