தூக்க மாத்திரையை திடீர்னு நிறுத்தாதீங்க

தூக்க மாத்திரைக்கு அடிமையாயிடுவோமோன்னு பயப்படுறவங்கள கோத்தகிரில நான் வேலை பாக்குற மெடிக்கல்ல அடிக்கடி பாக்குறேன். அந்த பயம் நியாயமானதுதான், ஆனா அந்த பயத்துலயே மாசக்கணக்கா போட்டுட்டு இருந்த மாத்திரையை ஒரே ராத்திரில விட்டுடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தக் கலக்குது.

போன பனிக்காலத்துல ஒரு அக்கா வந்தாங்க, எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறவங்க. அந்தக் குளிர்லயும் நெத்தில வேர்வை, கை நடுங்குது. சுருக்குப்பைலருந்து, பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்குற அல்பிரசோலம் 0.5 மி.கி. அட்டைய எடுத்து வெச்சாங்க, ஓரமெல்லாம் கசங்கி, பாதி மாத்திரை அப்படியே இருக்கு. "இது பழகிடும்னு சொன்னாங்க தம்பி, அதான் விட்டுட்டேன், இப்ப படபடப்பு முன்னய விட ஜாஸ்தியாயிருச்சு"ன்னாங்க. வியாதி முத்திருச்சுன்னே நெனச்சுட்டாங்க பாவம், மாத்திரை நின்னதால வர்றது இதுன்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சோம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, நம்ம மூளைல காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்பு செல்ல அடக்கி வைக்கிறதுதான் அதோட வேலை. செல் மேல ஏற்பின்னு பூட்டு மாதிரி ஒரு இடம் இருக்கு, அதுல காபா போய் ஒட்டுனதும் செல்லுக்குள்ள குளோரைடுங்கிற உப்புத் துகள் நுழையும், செல் அமைதியாகும். அல்பிரசோலம், அதே வகை மாத்திரைகளான டயாசிபாம், குளோனாசிபாம் எல்லாம் அதே ஏற்பில வேற ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு காபாவோட வேலையைக் கூட்டி விடுது. வாரக்கணக்கா இப்படியே போனா மூளையும் அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்குது. மேட்டுப்பாளையம் இறங்குற ரோட்டுல ஒருத்தர் பிரேக்க மிதிச்சுட்டே இருக்க, இன்னொருத்தர் ஆக்சிலேட்டரையும் சேத்து மிதிச்சா எப்படியோ அப்படி, திடீர்னு பிரேக்லருந்து கால எடுத்தா வண்டி என்னாகும்? நடுக்கம், வேர்வை, சுத்தமா தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு கூட வரும்.

எல்லா மாத்திரையும் ஒடம்புல ஒரே அளவு நேரம் தங்காது. ரத்தத்துல அல்பிரசோலம் பாதியா குறைய சுமார் 11 மணி நேரம், குளோனாசிபாமுக்கு 30லருந்து 40 மணி நேரம், டயாசிபாம் அதையும் தாண்டும், அது உடைஞ்சு வர்ற பொருளும் நாள்கணக்குல வேலை செய்யும். சீக்கிரம் வெளியேறுறத நிறுத்துனா தொந்தரவும் சீக்கிரமே ஆரம்பிக்கும், அதனாலதான் டாக்டர் சில பேருக்கு டயாசிபாமுக்கு மாத்தி கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாங்க. எவ்வளவு, எத்தன வாரம்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், அத நீங்களோ கடைக்காரங்களோ முடிவு பண்ணக்கூடாது.

பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் குடுக்குற எஸ்சிடாலோபிராம் வேற ரகம், அது வேலை செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும், மொத நாட்கள்ல பதட்டம் கூட கூடலாம், ஒரு வாரத்துல "கேக்கல"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அதையும் திடீர்னு நிறுத்தக்கூடாது.

வயசானவங்க விஷயத்துல எனக்கு ரொம்ப கவலை. அவங்க ஒடம்புல மருந்து இன்னும் மெதுவா தான் கரையும், நடு ராத்திரி பாத்ரூம் போக லைன் வீட்டு படில இறங்கும்போது தடுமாறி விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். ராத்திரி பெரியவங்க எந்திரிச்சா கூட ஒரு ஆள் போங்க. குளிருக்குன்னு ரெண்டு பெக் போட்டுட்டு மாத்திரையும் போடுறது அதவிட மோசம், சாராயமும் அதே காபா வழியில கை வைக்குது, ரெண்டும் சேந்தா மூச்சே கொறைஞ்சு நின்னுடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்ட்ராங் டீ வேணாம்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா அதுல இருக்குற கஃபீன் பாதியா கொறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அத விட்டுப் பாக்காமலே மாத்திரைக்கு வர்றவங்க நெறைய பேர்.

அல்பிரசோலம், டயாசிபாம், சோல்பிடெம்ங்கிற இன்னொரு தூக்க மாத்திரை எல்லாம் 2014 மார்ச்லருந்து ஷெட்யூல் எச்1ங்கிற, கட்டுப்பாடு அதிகமான மருந்துப் பட்டியல்ல இருக்கு, அட்டைல சிவப்பு கட்டம் போட்டிருக்கும் பாருங்க. டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாது, டாக்டர் பேர், வாங்குறவங்க பேர், எத்தன மாத்திரைன்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். "பழைய ஆளு, ரெண்டு மட்டும் குடுங்க"ன்னா கோவப்படாதீங்க, எங்களால முடியாது. நிறுத்தணும்னு தோணுனா போட்டுட்டு இருக்குற எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு அப்படியே டாக்டர்கிட்ட கொண்டு போய் காட்டுங்க, ஏற்கனவே நிறுத்திட்டு நடுக்கமோ வலிப்போ வந்தா விடியட்டும்னு காத்திருக்காம 108க்கு போன் பண்ணுங்க.